நாற்பத்திரண்டும் பதினொன்றும்

மார்ச் 4

தம்பி,

கூடத்தின் சாவி வந்து சேர்ந்தது. உறைக்குள் சாவியைத் தவிர ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. புரிந்துகொண்டேன்.

போனில் மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முறை நீ எடுத்தாய். இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம், ஒரே நேரத்தில் வைத்தோம். அதனால்தான் கடிதம். இதில் ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் ஆரம்பிக்க முடியும்.

நடந்ததைத் திரும்பப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் விவரங்கள் தெளிவாக இருக்க வேண்டும். நீ நகராட்சிக் குழுவுக்குக் கொடுத்த பட்டியலில் நாற்பத்திரண்டு ஸ்டார்ட்அப்கள். அதைச் சரிபார்த்துத் தரும்படி குழு எங்கள் கல்லூரியைக் கேட்டது. பட்டியல் கொடுத்தவன் என் தம்பி, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். இந்த ஊரில் புள்ளியியல் தெரிந்தவர் வேறு யார் என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்கள். சரிபார்த்தேன். இயங்குபவை பதினொன்று. இருபதுக்குக் குறையாமல் இருந்தால்தான் பழைய தொலைபேசி நிலையத்தின் மாடியை உங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு விட்டுவைப்பார்கள் என்பது முதல் நாளே போட்ட நிபந்தனை. ஆகவே ஜூன் 30-க்குள் காலி செய்ய வேண்டும்.

போன வியாழக்கிழமை மாலை, 'கூட்டம் இனி இல்லை' என்று ஒரு தாள் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மாடிப்படியில் ஏழு பேர் நின்றார்கள். பள்ளி வேன் ஓட்டும் பெண், நீ 'வேன்காரம்மா' என்று சொல்வாயே, அவர் கேட்டார்.

"இன்னிக்கு சார் வரலையா மேடம்?"

"அவன் ஊரை விட்டுப் போயிட்டான். இனிமே வர மாட்டான்."

"சரி. சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

திறந்துவிட்டேன். அவர்கள் பேசினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். எழுதிக் கொண்டுபோன தாள் பைக்குள்ளேயே இருக்கிறது.

சாவி, வருகைப் பதிவேடு, நாற்காலிகள், வெள்ளைப் பலகை ஆகியவற்றை யாரிடம் ஒப்படைப்பது என்று எழுதவும்.

அக்கா

பி.கு. தரையில் பழைய கம்பிகள் போன துளைகளை நீ அடைக்கவேயில்லை. என் சிவப்புப் பேனா ஒன்று அதில் விழுந்துவிட்டது.

---

மார்ச் 15

மதிப்பிற்குரிய புள்ளியியல் பேராசிரியர் அவர்களுக்கு,

சாவியை நகராட்சியில் கொடு. நாற்காலிகளை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. பதிவேட்டை நீயே வைத்துக்கொள், உனக்குத்தான் பெயர்களை அடிப்பது பிடிக்குமே.

நான் நலம். பதினான்காவது மாடியில் வேலை. லிஃப்டில் ஏறுவதற்கு ஓர் அட்டை, இறங்குவதற்கும் அதே அட்டை. பக்கத்து மேசைக்காரர் எட்டு வருடமாக இங்கே இருக்கிறாராம். முதல் நாள் என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம், "ஜன்னல் பக்கம் உட்காராதீங்க, ஏசி முகத்துலயே அடிக்கும்." அதற்குப் பிறகு இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

இந்தச் சம்பளத்துக்கு ஆறு வருடம் முன்பே வந்திருக்கலாம். வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு நாளாவது கேட்டாயா? நம் ஊரில் ஆள் இல்லாமல் இல்லை. பக்கத்துத் தெருவில் தனக்கு வேண்டிய ஆள் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. தனியாக முட்டி மோதிப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்த மாதிரி ஊருக்கு வந்து லிஃப்டில் நிற்கிறார்கள். வாரத்துக்கு ஒரு மாலை எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்தால் போதும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் பெரிய திட்டம்.

பதினொன்று என்று நீ சொன்னது கூட எனக்குப் பெரிதில்லை, அக்கா. அதைக் குழுவின் முன்னால், எனக்கு எதிரே நின்று, கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தாயே. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில்தான் சாப்பிட்டேன். "அறிக்கை என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "முடிஞ்சுது" என்றாய். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று தட்டில் பரிமாறினாய். அத்தான் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது! எத்தனை நாள் மனதில் வைத்திருந்தாய் என்று மட்டும் சொல்.

இன்னொன்று. வியாழக்கிழமை அவர்கள் வந்தால் வரட்டும், ஆனால் நீ எதுவும் சொல்லாதே. அங்கே விதி ஒன்றுதான். ஆளாளுக்கு எழுந்து 'இந்த வாரம் எங்கே சொதப்பினேன்' என்று சொல்ல வேண்டும். கேட்பவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது, ஆறுதலும் கூடாது. உதவக்கூடிய ஆள் யாரையாவது தெரிந்தால் பேரும் நம்பரும் சொல்லலாம். தெரியாவிட்டால் வாயை மூடிக்கொள்ளலாம். இரண்டாவது உனக்குக் கஷ்டம் என்று தெரியும்.

தம்பி

---

மார்ச் 28

தம்பி,

ஒன்பது நாள்.

எண்ணிக்கை முடிந்தது ஒரு சனிக்கிழமை. குழு கூடியது ஒரு திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள், ஞாயிறு, நீ சாப்பிட வந்தாய். குழுவுக்குப் போகும் முன் அறிக்கையைச் சம்பந்தப்பட்டவரிடம் காட்டக் கூடாது என்பது முறை. சம்பந்தப்பட்டவர் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதற்காக முறை மாறாது. அத்தானிடம் நான் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். இருபத்து மூன்று வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே கலை அது.

உன் பதிவேட்டை முதலிலிருந்து படித்தேன். பதினேழாவது நிறுவனமாக நீ காட்டியிருப்பவர் கீழ்த்தளத்தில் குடிநீர் இணைப்புப் பிரிவில் இருக்கும் எழுத்தர். உங்கள் தரைத் துளைகள் வழியாக அவர் மேசையில் விழும் பேனாக்களைத் திருப்பிக் கொடுக்க மாடிக்கு வருகிறார். வாசலில் பதிவேடு திறந்திருந்ததால் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரையே கேட்டேன். "எல்லாரும் போட்டாங்க மேடம், நானும் போட்டேன். போடாம வந்தா மரியாதையா இருக்காதுன்னு நெனச்சேன்" என்றார். அவர் ஒரு ஸ்டார்ட்அப் என்பது அவருக்கே தெரியாது. நாற்பத்திரண்டாவது வரிசையில் நீ எழுதியிருப்பது இந்தக் கூடத்தையே. கடைக்குள் இருக்கும் சாமான்களோடு கடையையும் சேர்த்து எண்ணியிருக்கிறாய்.

என் சிவப்புப் பேனாவை அவர்தான் கொண்டுவந்து தந்தார்.

வியாழன்களில் திறந்துவிடுகிறேன். சாவியைத் திருப்பிக் கொடுக்க நகராட்சியில் மூன்று கையெழுத்து வேண்டுமாம். மூன்றாவது கையெழுத்துக்காரர் விடுப்பில் இருக்கிறார். அவர் திரும்பும் வரை மட்டுமே இந்த ஏற்பாடு.

உன் விதியை நான் மீறினேன். கடைகளின் குளிர்பெட்டிக்குள் சூடு ஏறினால் முதலாளியின் போனில் மணி அடிக்கும் கருவி ஒன்றைச் செய்கிறாரே, அந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக், அவர் எழுந்து, கருவி காரணமில்லாமல் அடிக்கிறது, மூன்று கடைக்காரர்கள் கழற்றி எறிந்துவிட்டார்கள் என்றார். எத்தனை தடவைக்கு எத்தனை தடவை பொய்யாக அடிக்கிறது என்று முதலில் குறித்து வையுங்கள் என்று ஆரம்பித்தேன். வேன்காரம்மா கையைத் தூக்கினார்.

"மேடம், ஆள் தெரியுமா தெரியாதா?"

"தெரியாது. ஆனா..."

"அப்போ உக்காருங்க."

உட்கார்ந்தேன். மாணவப் பருவத்துக்குப் பிறகு என்னை யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை.

அக்கா

---

ஏப்ரல் 9

அக்கா,

வேன்காரம்மாவுக்கு என் பாராட்டைச் சொல்.

சரி, பதினேழைப் பற்றி. தெரிந்தே எண்ணினேன். குழு கொடுத்த படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது: 'உருவான நிறுவனங்களின் எண்ணிக்கை'. இரண்டு வருடமாக ஒவ்வொரு வியாழனும் யார் யாரோ வந்தார்கள். ஒருவர் இன்னொருவருக்கு ஒரு நம்பர் கொடுத்தார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அந்த ஒரு கட்டத்துக்குள் எல்லாவற்றையும் திணித்தேன். கொஞ்சம் வீங்கிவிட்டது. பொய் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

ஆனாலும் பதினொன்று என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நீ எண்ணியதில் தப்பு இருக்காது, அது எனக்குத் தெரியும். எனக்குக் கணக்குப் பாடத்தில் சந்தேகம் வந்தால் உன் நோட்டைப் பார்த்துத்தானே விடையை மாற்றுவேன். அதனால்தான் ஊரை விட்டே வந்தேன். அந்நியர் யாராவது வாசித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நீ வாசித்ததும், அப்போ நான் ரெண்டு வருஷமா காத்தைத்தான் புடிச்சிட்டு இருந்தேன்னு தோணிடுச்சு.

நேற்று லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. ஒன்பது பேர் உள்ளே. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் போனைப் பார்த்தோம். சிக்னல் இல்லை. இருந்தாலும் பார்த்தோம்.

கூட்டத்துக்கு வரும் அந்த நர்ஸ் என்ன செய்கிறார்? அந்தச் சக்கர நாற்காலிகள்?

தம்பி

---

ஏப்ரல் 25

தம்பி,

இதை மூன்றாவது முறையாக எழுதுகிறேன். முதல் இரண்டும் நீளமாகப் போய்விட்டன.

நேற்று கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். வேன் எந்தத் தெருவில் வருகிறது என்று பெற்றோருக்குத் தகவல் போகும் ஏற்பாடு இப்போது நான்கு பள்ளிகளில் ஓடுகிறது என்று வேன்காரம்மா பேச்சுவாக்கில் சொன்னார். எப்போதிருந்து என்று கேட்டேன். போன வருடத்திலிருந்தே என்றார்.

"பட்டியல்ல உங்களுது மூடியாச்சுன்னு இருக்கே."

"யாரு சொன்னது?"

"நான்தான். பிப்ரவரியில ரெண்டு தடவை வந்தேன். கதவு பூட்டியிருந்தது. போன் பண்ணினேன், எடுக்கலை."

"எத்தனை மணிக்கு வந்தீங்க மேடம்?"

"ஒரு தடவை மூணு. ஒரு தடவை மூணேகால்."

"மூணேகாலுக்கு நான் ஸ்கூல் வாசல்ல வண்டிக்குள்ள இருப்பேன். புள்ளைங்களை யாரு கூட்டிட்டு வர்றது? வண்டி ஓட்டும்போது போன் எடுத்தா முதல்ல நீங்கதான் திட்டுவீங்க."

அவர் சிரித்தார். பக்கத்திலிருந்த நர்ஸ், "என் வீட்டுக்கும் பகல்லதான் வந்தீங்களா மேடம்? நான் டூட்டியில இருந்திருப்பேன்" என்றார். சக்கர நாற்காலிகளையும் கட்டில்களையும் பழுது பார்த்து வீடுகளுக்கு வாடகைக்கு அனுப்பும் வேலையை அவர் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகுதான் செய்கிறார். நீ கேட்டாயே, அவர் வேலை நன்றாகவே நடக்கிறது. என் அறிக்கையில் அதுவும் மூடப்பட்டது.

வீட்டுக்கு வந்து களக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். எண்பத்து நான்கு முறை கதவைத் தட்டியிருக்கிறேன். எல்லாம் வாரநாட்களில். மிக முன்னதாகப் போனது காலை பத்து நாற்பது, மிகத் தாமதமாகப் போனது மாலை மூன்றரை. என் வகுப்புகள் பத்து மணிக்கு முடிந்துவிடும், நான்கு மணிக்கு வீடு திரும்புவது என் வழக்கம். என் வசதியான நேரத்தில் ஊரைப் பார்த்துவிட்டு, ஊர் மூடியிருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். இந்த ஊரில் யாரும் வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்குவதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே தொடங்குகிறார்கள். பகலில் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்?

இரண்டு முறை பதில் இல்லையென்றால் மூடப்பட்டதாகக் கொள்வது என்று நானே வைத்துக்கொண்டேன். 'பதில் இல்லை' என்பதும் 'ஆள் இல்லை' என்பதும் ஒன்றல்ல என்று இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். எளிதில் மறக்காத உதாரணம் வேண்டும் என்று வருடாவருடம் தேடுவேன். இனி தேட வேண்டியதில்லை.

மறுபடியும் எல்லோரிடமும் போகப் போகிறேன். அதிகாலையிலும் மாலையிலும் ஞாயிறுகளிலும். உன் நாற்பத்திரண்டு சரி என்று இதற்கு அர்த்தமில்லை.

அத்தான் வந்து பார்த்துவிட்டு, "சாப்பிட்டுட்டு எழுது. தப்பு எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றார்.

அக்கா

---

மே 3

அக்கா,

உன் கடிதத்தை லிஃப்டில் படித்தேன். என்னையறியாமல் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். உள்ளே இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் கட்டடத்தில் எனக்குக் கிடைத்த முதல் கவனிப்பு.

சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. மூன்றேகால் மணியாம்! ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று நாற்பத்திரண்டு பேருக்கும் சொல்லியிருப்பேன். கேட்டால் முறை கெட்டுவிடும். அதுதானே?

இப்போது என்ன செய்யப் போகிறாய்? எனக்கு எழுதுவது சுலபம். குழுவுக்கு எழுத வேண்டும். "மேடம் சொன்னா தப்பா இருக்காது" என்று அந்தத் தலைவர் உன் பக்கம் திரும்பிச் சொன்னாரே, அவரிடம் போய், தப்பு என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் நீ கேரம் விளையாட்டில் தோற்றதை ஒப்புக்கொள்ளாமல் பலகை சாய்வாக இருக்கிறது என்று கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பார்த்தவள். எனக்கு மறக்கவில்லை.

வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே, ஒரு மாடிதானே போகட்டும் என்று. எழுத வரவில்லை. அந்த இடம் போகக் கூடாது, அக்கா. நீ எழுது.

தம்பி

---

மே 23

தம்பி,

பலகை உண்மையிலேயே சாய்வாகத்தான் இருந்தது.

முதலில் எண்ணிக்கை. மூன்று வாரத்தில் நாற்பத்தொரு இடத்துக்கும் போனேன், காலை ஆறு மணி, மாலை ஏழு மணி, ஞாயிறு என்று மாற்றி மாற்றி. கடந்த நான்கு வாரத்துக்குள் ஒருவருக்காவது வேலை செய்து கொடுத்திருக்க வேண்டும் என்பது குழுவின் வரையறை. அதை மாற்றவில்லை. முதலில் எண்ணிய பதினொன்றில் ஒன்று இப்போது உண்மையிலேயே மூடிவிட்டது. அதைச் சேர்ந்து நடத்திய இருவரும் பிரிந்துவிட்டார்களாம். மீதி பத்து. நான் தவறவிட்டவை ஒன்பது. மொத்தம் பத்தொன்பது.

வேண்டியது இருபது.

துறைத் தலைவரிடம் சொன்னேன். "ஏத்துக்கிட்ட அறிக்கைய நாமளே போய்க் கிளறணுமா?" என்றார். கிளறத்தான் வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு அவர் காலை வணக்கத்துக்குத் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

குழுவுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு முறை ஏற்ற அறிக்கையை எழுதியவரே திருத்தித் தருவதற்கு அவர்களிடம் படிவம் இல்லை. இரண்டு முறை அலுவலகத்துக்குப் போய்த் திரும்பினேன்.

இந்த வியாழன் என் முறை வந்தது. எப்போதும் தலையசைத்து அடுத்தவரிடம் தள்ளிவிடுவேன். நேற்று எழுந்தேன். பதினொன்று என்று நான் சொன்னது தப்பு, அதனால்தான் இந்த இடம் போகிறது, எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். இவ்வளவுதான்.

நர்ஸ் "பரவாயில்லை மேடம்" என்று சொல்ல வாயெடுத்தார். வேன்காரம்மா முறைத்தார். உன் விதியின் அருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆறுதல் சொல்லியிருந்தால் நான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

வாசலில் இருந்து ஒரு குரல். கீழ்த்தள எழுத்தர், கையில் நான்கு பேனாக்கள்.

"குழுவுக்கு வர்ற தபாலைப் பிரிக்கிறது என் மாமா பொண்ணுதான். 'கூடுதல் இணைப்பு'ன்னு மேல எழுதிக் கொடுத்தா வாங்கிக்கும். நம்பர் சொல்லட்டுமா?"

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள், எதற்கென்று தெரியாமலே. உன் பதினேழாம் நிறுவனம் நேற்று ஒருவருக்கு வேலை செய்து கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கூடாது. அவரே சிரிப்பார்.

குழு ஜூன் 17 கூடுகிறது.

பாக்கி ஒரு வரிசைதான். நாற்பத்திரண்டு, கூடம். உரிமையாளர் என்று உன் பெயர் இருக்கிறது. நீ ஊரில் இல்லாததால் உன்னை மட்டும் நேரில் கேட்கவில்லை. படிவம் இணைத்திருக்கிறேன். இரண்டு கட்டங்கள், 'இயங்குகிறது', 'மூடப்பட்டது'. எதில் குறியிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மற்ற நாற்பத்தொரு பேரிடமும் சொல்லவில்லை.

அக்கா

---

ஜூன் 1

அக்கா,

படிவம் நான்கு நாள் என் மேசையில் இருந்தது. முதல் நாள் பென்சிலால் 'இயங்குகிறது' என்று குறியிட்டேன். அழகாக இருந்தது. பத்தொன்பதும் ஒன்றும் இருபது. யாருக்கும் நஷ்டமில்லை. போன வருடம் என்றால் பேனாவாலேயே போட்டு அன்றைக்கே தபாலில் சேர்த்திருப்பேன்.

ஆனால் கேட்பது நீ. அறிக்கையைத் திருத்த நீ எழுந்து நின்ற பிறகு நான் உட்கார்ந்த இடத்தில் ஒரு பொய் அனுப்பினால் என்ன மரியாதை?

நேற்று இங்கே இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேலை பிடித்திருக்கிறதா என்றால் இல்லை. ஆனால் செய்கிறேன், நன்றாகவே செய்கிறேன் என்கிறார்கள். திரும்பி வந்து, நான் விட்டுவிட்டு ஓடிய படிக்கட்டில் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தெம்பு இல்லை. ஆகவே பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவால் 'மூடப்பட்டது' என்று போட்டிருக்கிறேன். கையெழுத்தும் இருக்கிறது. சாவியை உறையில் போட்ட அன்றே நான் மூடிவிட்டேன். அதுதான் உண்மை.

பத்தொன்பதுதான். நீ பத்தொன்பதை இருபதாக்க மாட்டாய். நானும் இந்தத் தடவை கேட்கவில்லை. ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக் கருவி பொய்யாக அடிப்பது நின்றதா?

தம்பி

---

ஜூன் 7

தம்பி,

படிவம் கிடைத்தது. உன் பதிலை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நீ பொய் சொன்னாய் என்று சொல்லவில்லை. தெரியாத ஒன்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறாய். வரையறையைப் பார். கடந்த நான்கு வாரத்துக்குள் ஒருவருக்காவது வேலை செய்து கொடுத்திருக்க வேண்டும். பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நீ போன பிறகு பதினைந்து வியாழன்கள். ஒன்றுகூட விடுபடவில்லை. மிகக் குறைவாக ஆறு பேர், மிக அதிகமாக இருபத்து மூன்று. இந்த நான்கு வாரத்தில் மட்டும் பதினெட்டு பேருக்குப் பெயரும் நம்பரும் கிடைத்திருக்கின்றன, என்னையும் சேர்த்து. ஃபிரிட்ஜ் மெக்கானிக் அவர்களில் ஒருவர். வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் ஒருவரின் நம்பர் கிடைத்தது. கருவி இப்போது வேண்டாத நேரத்தில் அடிப்பதில்லை.

தேதியும் பெயர்களும் ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்தில் இருக்கின்றன. மூன்றாவது கையெழுத்துக்காரர் ஏப்ரலிலேயே விடுப்பிலிருந்து திரும்பிவிட்டார். நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. என் குறிப்புகளில் நானே கவனிக்காமல் விட்ட இன்னொன்று இது.

படிவத்தில் இரண்டு கட்டம் வைத்தது என் பிழை. மூன்றாவது ஒன்று வரைந்து சேர்த்திருக்கிறேன்: 'கை மாறியது'. அதில் குறியிட்டு, பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். உன் கையெழுத்தும் என் கையெழுத்தும் ஒரே தாளில் இருக்கின்றன, நீ மூடியது, நான் திறந்தது.

பட்டியலில் நானே ஒரு வரிசையாகிவிட்டதால் அதைச் சரிபார்க்க எனக்குத் தகுதியில்லை. குழுவுக்கு அப்படியே எழுதிவிட்டேன், பிப்ரவரியில் நடந்த தவறையும் மணிவாரியாக எழுதி. கணிதத் துறையிலிருந்து ஒருவர் இருபதையும் மறுபடி பார்த்து வருவார். கறாரான ஆள். எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் சொன்னேன்.

ஒன்பது நாளைப் பற்றி. முறை என்று எழுதினேன். முறை தடுத்தது உண்மைதான். ஆனால் அப்படி ஒரு முறை இல்லாதிருந்தால் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அன்று நீ சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

அக்கா

---

ஜூன் 12

அக்கா,

சரி.

ஒரு நம்பர் அனுப்புகிறேன், வேன்காரம்மாவிடம் கொடு. பக்கத்து மேசைக்காரரிடம் கடைசியில் நானே பேச்சுக் கொடுத்தேன். எட்டு வருடமாக அவர் செய்வது வண்டிகள் எந்தத் தெருவில் போகின்றன என்று பார்க்கும் மென்பொருள்தானாம். ஞாயிறுகளில் பேசலாம் என்கிறார். இன்னும் என்னென்னவோ சொல்ல வாய் வருகிறது. விதி தெரியும், நிறுத்திக்கொள்கிறேன்.

பதினேழாம் தேதி கண்ணாடியைத் துடைத்துவிட்டே வாசி. எழுத்து தெரிய வேண்டும்.

தம்பி

---

ஜூன் 19

தம்பி,

கணிதத் துறைக்காரர் இருபது என்றே கொண்டுவந்தார். நர்ஸ் வீட்டுக்குக் காலை ஐந்தே முக்காலுக்குப் போனாராம், அவரைத் திருடன் என்று நினைத்து நாய் துரத்தியதை அறிக்கையிலும் எழுதியிருக்கிறார். குழுத் தலைவர் என் கூடுதல் இணைப்பை முழுவதும் படித்துவிட்டு, "மேடம், இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார். அதனால்தான் சொன்னேன் என்றேன். மாடி இன்னும் ஒரு வருடத்துக்கு. அடுத்த ஜூனில் மறுபடி எண்ணுவார்கள். எண்ணட்டும்.

வேன்காரம்மாவிடம் நம்பரைக் கொடுத்தேன். "சார் அனுப்பினாரா?" என்றார். ஆமாம் என்றேன். "அறிவுரை எதுவும் சொல்லலையே?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

இதைக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஐந்தரை. ஆறு மணிக்குத்தான் வருவார்கள். தரைத் துளைகளை அடைக்க ஆள் சொல்லியிருந்தேன். கீழ்த்தள எழுத்தர் வேண்டாம் என்றுவிட்டார். அடைத்துவிட்டால் தான் மேலே வருவதற்குக் காரணம் இருக்காது என்கிறார்.

சற்று முன் அவர் வந்தார், இரண்டு பேனாக்களுடன். வழக்கம்போலப் பதிவேட்டில் கையெழுத்திடக் குனிந்தார். தடுத்தேன். அடுத்த ஜூனிலும் அவர் ஒரு நிறுவனமாக நிற்கக் கூடாது. பார்வையாளர்களுக்கென்று தனியாக ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டு வைத்திருந்தேன். அதைத் திறந்து, முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவது வரியில் போடச் சொன்னேன்.

"முதல் வரி எதுக்கு மேடம் காலியா?" என்று கேட்டார்.

வெளியூரிலிருந்து வருபவருக்கு முதல் வரி, முறை அப்படி என்றேன்.

அக்கா